என் கணினி பேசும் மொழி

சாதாரண தரப் பெறுபேறுகள் வந்த பிறகு, கத்தாரில் தொழில் செய்யும் என் சாச்சா எனக்கு ஒரு மடிக்கணினி தந்தார். அவர் நாலு வருடம் பாவித்த ‘மெக்புக் எயார்’ அது. அதனுள்ளே இருப்பது, அப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட ‘எம் 1’ என்னும் சிப். புதிதில் அதன் விலை எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் விலையை விட அதிகம். பாவித்ததென்றாலும் எங்கள் வகுப்பில் வேறு எவரிடமும் அப்படியொன்று இல்லை.

அதைக் கண்டவர்கள் முதலில் கேட்பது விலையைத்தான். என் மூத்தம்மா மட்டும் வேறு கேள்வி கேட்டார். பக்கத்தில் வந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு, “என்ன புள்ள, இது ஓடுதா இல்லையா? ஒரு சத்தத்தையும் காணல்லயே!” என்றார்.

அது நல்ல கேள்வி. எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வுகூடத்தில் பத்துக் கணினிகளைப் போட்டால் பத்து மின்விசிறிகளும் சேர்ந்து இரையும். என் கணினியில் மின்விசிறியே கிடையாது. விசிறி வைத்து ஆற்ற வேண்டிய அளவுக்கு அது பெரும்பாலும் சூடாவதில்லை. அதற்குக் காரணம் ‘ஆர்ம்’ எனப்படும் வடிவமைப்பு.

ஆர்ம் பிறந்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில். பாடசாலைகளுக்கான பிபிசி மைக்ரோ கணினியைச் செய்த ‘ஏகோர்ன்’ என்ற சிறிய நிறுவனம் 1983இல் தனக்கென ஒரு சிப்பை வடிவமைக்கத் தொடங்கியது. அதன் கட்டளைகளை வகுத்தவர் சோஃபி வில்சன். அவரோடு சேர்ந்து சிப்பை வடிவமைத்தவர் ஸ்டீவ் ஃபர்பர். 1985 ஏப்ரலில் முதல் சிப் வந்தபோது அது எவ்வளவு மின்னை எடுக்கிறது என்று ஃபர்பர் அளந்து பார்த்தார். மானி பூச்சியத்தைக் காட்டியது. ஆனால் சிப் வேலை செய்துகொண்டிருந்தது! பிறகுதான் தெரிந்தது, அதற்கு மின்வழங்கல் இணைப்பே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. மற்ற இணைப்புகளின் வழியே கசிந்து வந்த மின்னே அதற்குப் போதுமாக இருந்தது.

அந்த முதல் சிப்பில் இருந்தவை ஏறத்தாழ 25,000 டிரான்சிஸ்டர்கள். என் கணினியின் சிப்பில் 1600 கோடி இருக்கின்றன. ஆனாலும் குறைவாக உண்டு நிறைய உழைக்கும் அந்தக் குணம் மாறவில்லை. அதனால்தான் கைத்தொலைபேசிகள் வந்தபோது அவை ஆர்மைத் தேர்ந்துகொண்டன. எங்கள் வீட்டிலும் ஆர்ம் ஏற்கெனவே இருந்தது. உம்மாவின் போனுக்குள் இருப்பதும் அதுதான்.

2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலம் எங்கள் வயதினருக்கு மறக்காது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்த எனக்கு, ஒருமுறை சார்ஜ் பண்ணினால் இன்னும் ஒன்பது மணித்தியாலம் தாங்கும் கணினி என்பது ஆடம்பரமாகத் தெரியவில்லை.

ஆனால் ஆர்ம் பேசும் மொழி வேறு. எங்கள் ஆய்வுகூடத்துக் கணினிகளில் இருப்பவை இன்டெல் வகைச் சிப்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பிட்டு அவிப்பதை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். மூத்தம்மாவிடம் “பிட்டு அவிங்க” என்றால் போதும். அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். என்னிடமென்றால் மாவை எடு, உப்புத் தண்ணீர் தெளி, குழை, தேங்காய்ப்பூ போடு, குழலில் நிரப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இன்டெல் வகைச் சிப்பின் ஒரு கட்டளைக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கலாம். ஆர்மின் கட்டளைகள் சிறியவை, எளியவை. ஆனால் அவற்றை அது மளமளவென்று செய்து முடிக்கும். இப்படி ஒன்றுக்குச் சொல்வது மற்றதற்கு விளங்காது. இன்டெலுக்கென்று எழுதப்பட்ட மென்பொருள் ஆர்மில் நேரே ஓடாது.

இதற்கு அப்பிள் நிறுவனம் கண்ட வழி ‘ரோசெட்டா 2’ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள். இன்டெல் மெக் கணினிகளுக்காக எழுதப்பட்ட பழைய மென்பொருளொன்றை முதல் தடவை திறக்கும்போது அது சற்றுத் தாமதிக்கும். அந்த நேரத்தில் கட்டளைகள் ஆர்மின் மொழிக்கு மாற்றப்படுகின்றன. மாற்றியதை அது சேமித்து வைத்துக்கொள்வதால் அடுத்த தடவை தாமதம் இருக்காது.

ரோசெட்டா என்ற பெயரைத் தேடிப் பார்த்தபோது ஒரு சந்தோஷம் காத்திருந்தது. அது எகிப்தில் நைல் நதி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள ‘ரஷீத்’ என்ற ஊரின் ஐரோப்பியப் பெயர். 1799இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட கல்லில் ஒரே செய்தி மூன்று எழுத்துகளில் இருந்தது. அவற்றில் ஒன்றான கிரேக்கம் தெரிந்திருந்ததால், 1822இல் சம்போலியன் என்ற அறிஞர் எவருக்கும் விளங்காதிருந்த பண்டைய எகிப்திய எழுத்துகளை வாசிக்கும் வழியைக் கண்டார்.

எங்கள் நாட்டிலும் ஒரு மும்மொழிக் கல் உண்டு. சீனக் கடலோடி செங் ஹ கொண்டுவந்த அந்தக் கல் 1911இல் காலியில் கிடைத்தது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டு திகதியிட்ட அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. அங்கே மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வருகிறவர் தன் மொழியை வாசித்துக்கொள்ளலாம். மென்பொருளிலும் இந்த வகை இருக்கிறது. இன்டெலின் மொழியையும் ஆர்மின் மொழியையும் சேர்த்தே வைத்திருக்கும் மென்பொருளை ‘யுனிவர்சல்’ என்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் நடைமுறையில் கஷ்டம் இல்லாமலில்லை. பிரத்தியேக வகுப்பில் தந்த பயிற்சி மென்பொருள் விண்டோஸுக்கானது. என் கணினியில் திறக்கவேயில்லை. மைக்ரோசொப்ட் அக்சஸ், மெக் கணினிகளுக்கு வெளியிடப்படுவதே இல்லை. இவை சிப்பின் குறை அல்ல, பணிசெயல் முறைமை வேறாக இருப்பதன் விளைவு. தமிழ்த் தட்டச்சிலும் இதே கதைதான். என் கணினியிலேயே அஞ்சல் விசைப்பலகையும், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும் இருக்கின்றன. நான் யுனிகோடில் தட்டுகிறேன். ஊரிலுள்ள அச்சகங்களோ இன்னும் பாமினியில் கேட்கின்றன. ஆகவே கட்டுரையொன்றை அச்சுக்குக் கொடுக்கும்போதும் ஒரு மாற்றியைத் தேட வேண்டியிருக்கிறது.

பழுதானால் இன்னும் கஷ்டம். நினைவகம் சிப்போடு சேர்ந்தே வருவதால் பின்னர் கூட்ட முடியாது. சேமிப்பகமும் பலகையோடு ஒட்டியிருக்கிறது. திருத்தும் கடையொன்றில் விசாரித்தேன். “இதையெல்லாம் நாங்க திறக்கிறல்ல தங்கச்சி, கொழும்புக்குத்தான் கொண்டு போகணும்” என்றார்கள்.

இந்தப் பதிலை உம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. “சாச்சா வெயில்ல நிண்டு உழைச்ச காசு. ஆருக்கும் கையில குடுக்கப்படாது.”

உம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் என் வகுப்பில் பைதன் நிரல்களைக் கொப்பியில் எழுதி, அதைப் போனின் சின்னத் திரையில் தட்டிப் பார்க்கும் தோழிகள் இருக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் ஒருவருக்குக் கிடைப்பது வாரத்தில் ஓரிரு பாடவேளைகள்தான். குழுச் செயற்றிட்டம் தந்தபோது ஒரு தோழி என்னிடம், “உன்ட கம்பியூட்டரைக் கேக்கிறதுக்கு எனக்கு வெக்கமா இருக்குடி” என்றாள். அவள் கேட்காமலே கேட்டது எனக்கு விளங்கியது.

அன்றிரவு எனக்கு ஸூரதுல் மாஊன் ஞாபகம் வந்தது. சிறு வயதில் மனனம் செய்த ஸூரா அது. மாஊன் என்பது பானை, வாளி, கோடரி போன்று அயலவர் இரவல் கேட்கும் சிறு பொருட்கள் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் பலர் விளக்குகிறார்கள். அவற்றைக் கொடுக்காமல் தடுப்பவர்களைப் பற்றிய எச்சரிக்கை அந்த ஸூராவில் இருக்கிறது. கணினி சிறு பொருளா? விலையில் இல்லை. ஆனால் இரண்டு மணித்தியாலம் இன்னொருவர் அதில் படிப்பதால் அது தேய்ந்துவிடப் போவதில்லை. இன்னொரு பக்கம், அது சாச்சா ஒப்படைத்த அமானிதம். அதைக் காப்பதும் என் கடமை.

நான் இரண்டையும் உம்மாவிடம் சொன்னேன். உம்மா யோசித்தார். மூத்தம்மாதான் முடித்து வைத்தார். “கிணத்தைத் தூக்கிக் குடுக்க ஏலாதுதான். தண்ணி அள்ள வரச் சொல்லேன்” என்றார்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் அஸர் தொழுதுவிட்டு மூன்று தோழிகள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கணினி மேசையை விட்டு அசையாது. நாங்கள் ஆள் மாறி ஆள் உட்காருவோம். உம்மா பிளேன்டீயை வேறு மேசையில்தான் வைப்பார்! செயற்றிட்டத்துக்குப் பைதனையே தெரிவுசெய்தோம். பைதனில் எழுதிய நிரல், அதை வாசித்து இயக்கும் மென்பொருள் இருக்கும் கணினிகளில் சிப் எதுவானாலும் ஓடும். என் கணினியில் மட்டும் இருக்கும் எதையும் நாங்கள் அதில் சேர்க்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய்ப் போனிலும் அதையே தொடர்ந்தார்கள்.

ரோசெட்டாவும் நிரந்தரமில்லை. இன்னும் சில பதிப்புகளோடு அதைப் பெரும்பாலும் நிறுத்திவிடப் போவதாக அப்பிள் நிறுவனம் 2025இல் அறிவித்தது. அதற்குள் பழைய மென்பொருட்களை ஆர்மின் மொழியிலேயே மாற்றி எழுத வேண்டும். ஆங்கில நூல்களைத் தமிழாக்கிப் படிக்கும் எங்களுக்கும் அதில் ஒரு செய்தி இருப்பதாக நினைக்கிறேன். மொழிபெயர்ப்பு ஒரு பாலம். பாலத்தைக் கடந்து அந்த மொழிக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஆனால் நான் அதிகம் யோசிப்பது இன்னொன்றை. உலகமே இன்டெலின் மொழியில் எழுதி வைத்திருந்த காலத்தில் இந்தச் சிப் மடிக்கணினிக்குள் வந்தது. எல்லோரும் உடனே மாறுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் அதை வாங்க ஆள் இருந்திருக்காது. முதலில் மற்றவர்களுடைய மொழியை விளங்கிக்கொள்ளும் பொறுப்பை அது தானே ஏற்றுக்கொண்டது. வசதியோடு ஓரிடத்துக்கு வருகிறவருக்கும் அதே பொறுப்பு இருக்கிறது.

கடந்த தவணை எங்கள் நிரலைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஆய்வுகூடத்தின் மிகப் பழைய கணினியில் போட்டோம். விசிறி பெரிதாக இரைந்தது. ஓர் எழுத்தும் மாற்றாமலே நிரல் ஓடியது. அல்ஹம்துலில்லாஹ்.