கட்டிலுக்கு அடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இந்தக் கட்டுரையோட முக்கியமான வார்த்தையை எப்படி எழுதறதுன்னே எனக்குத் தெரியல. எல்கேஜியிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். 'சீயக்கா'னு டைப் பண்ணி எடிட்டர் குழுவுக்கு அனுப்பினேன். ஒருத்தி 'சீயக்காய்'னு திருத்தினா. இன்னொருத்தன், 'சிகைக்காய்' தான் சரி, சிகைன்னா தலைமுடின்னு விளக்கம் கொடுத்தான். சின்ன வயசுலேர்ந்து தலையில தேய்ச்ச பொருளுக்கு அர்த்தம் அன்னிக்குத்தான் தெரிஞ்சது. ஆனா எங்க வீட்ல யாரும் சிகைக்காய்னு சொன்னதில்ல. அதனால இங்கயும் சீயக்காய் தான்.

முதல் வருஷம் ஹாஸ்டலுக்கு வந்தப்போ என் பெட்டியில ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. பண்ருட்டிப் பக்கம் இருக்கற எங்க ஆயா கொடுத்தது. ஆயான்னா அம்மாவோட அம்மா. பாட்டில் நிறைய சீயக்காய்த் தூள். மூடி மேல நியூஸ்பேப்பர் சுத்தி, ரப்பர் பேண்ட் போட்டு, அதுக்கும் மேல ஒரு பிளாஸ்டிக் கவர். ஒரு வாரம் கழிச்சு ஒரு வெள்ளிக்கிழமை தைரியமா எடுத்துத் தேய்ச்சேன். குளிச்சிட்டு வந்து ஃபேனுக்குக் கீழே நின்னு தலையைக் காய வைக்கறேன், ஒரு ரூம்மேட் மூக்கைச் சுருக்கி, "யாருடி ரூம்ல கஷாயம் காய்ச்சறது?"னு கேட்டா. அவ கிண்டலுக்குத்தான் கேட்டா. மத்த ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அன்னிக்கே பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில, பழைய ஷூவுக்குப் பின்னாடி தள்ளிட்டேன். அடுத்த நாள் கேம்பஸ் ஸ்டோர்ல ஷாம்பு வாங்கிட்டேன். ஆயா போன் பண்ணி "சீயக்கா தேய்க்கிறியா பாப்பா?"னு கேட்டா, "தேய்க்கிறேன் ஆயா"ன்னு சொல்லிடுவேன். இரண்டரை வருஷம் இதே பொய்.

அப்புறம் மூணாவது வருஷம். என்விரான்மென்டல் லேப். சிவில் பசங்களுக்குத் தெரியும், தண்ணியோட கடினத்தன்மை கண்டுபிடிக்கிற அந்த ஈடிடிஏ டைட்ரேஷன். ஒயின் சிவப்பு எப்போ ஸ்டீல் நீலமா மாறும்னு பியூரெட்டையே முறைச்சுப் பார்த்துட்டு நிக்கணும். அன்னிக்கு நாங்க பாட்டில்ல பிடிச்சுட்டுப் போனது ஹாஸ்டல் போர் தண்ணி. லிட்டருக்கு 640 மில்லிகிராம் வந்தது. ஐஎஸ் 10500 படி குடிநீர்ல 200 வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லன்னா 600. நம்ம தண்ணி அதையும் தாண்டி நிக்குது. மக் ஓரத்துல வெள்ளை வெள்ளையா படியறது, சோப்பு நுரைக்காம பிசுபிசுன்னு ஒட்டறது, எல்லாத்துக்கும் அன்னிக்குக் காரணம் புரிஞ்சது. சோப்புங்கறது கொழுப்பு அமிலத்தோட சோடியம் உப்பு. கடின நீர்ல இருக்கற கால்சியம், மெக்னீசியம் கூட சேர்ந்ததும் அது கரையாத பிசுக்கா மாறிடும்.

சீயக்காய்ல நுரை வர்றது சோப்பால இல்ல. சாபோனின்னு ஒரு பொருளால. அது சோப்பு மாதிரி கால்சியத்தோட சேர்ந்து பிசுக்கு ஆகறதில்ல. இதைப் படிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம். கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாட்டிலை எடுத்தேன். இரண்டரை வருஷத்துல வண்டு விழுந்திருக்கும்னு நினைச்சேன். இல்ல. உள்ள ஒரு துண்டு வசம்பு. பூச்சி வராம இருக்க ஆயா போட்டு வச்சது.

"பாத்தீங்களா, நம்ம முன்னோர்கள் எல்லாம் சயின்டிஸ்ட்"னு இங்க நான் சொல்லப் போறேன்னு நினைச்சா, மன்னிக்கணும். வாட்ஸ்அப்ல அந்த வேலைக்கு ஆள் இருக்காங்க. ஷாம்புல இருக்கற டிடர்ஜென்ட்டும் சோப்பு மாதிரி கடின நீர்ல பிசுக்கு ஆகாது. அதனால லேப் ரிசல்ட் சீயக்காய்க்குத் தனியா ஒரு மார்க்கும் போடல. என் முடி கொட்டறதும் நிக்கல. அது செமஸ்டர் வந்தா கொட்டும், லீவு வந்தா நிக்கும். சயின்ஸ் என் பக்கம் இல்லன்னு தெரிஞ்ச பிறகும் நான் அந்தப் பாட்டிலைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில வைக்கல. ஏன்னு தான் யோசிச்சேன்.

பாட்டிலைத் திறந்ததும் வந்த வாசனை ஒரு காரணம். அதுல பூலாங்கிழங்கு, வெட்டிவேர், வெந்தயம், காய்ஞ்ச எலுமிச்சைத் தோல் எல்லாம் இருக்கும். ஆனா எனக்கு ஞாபகம் வந்தது பண்ருட்டி வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லு, நல்லெண்ணெய் சூடு பண்ற சின்ன இரும்புக் கரண்டி. கஞ்சித் தண்ணியில குழைச்ச சீயக்காய். கண்ணு எரியுதுன்னு நான் கத்தறது, "கண்ண மூடுடி"ன்னு ஆயா தலையில தட்டறது. ஆயாவோட அலமாரி முழுக்கவே இப்படித்தான். கோகுல் சாண்டல் டப்பா, ஐடெக்ஸ் மை, முக்கால்வாசி காய்ஞ்சு போன சாந்துப் பொட்டு பாட்டில். ஒண்ணொண்ணுக்கும் ஒரு காலை நேரம் இருக்கு.

இன்னொரு காரணம் எங்க ரூம்லயே கிடைச்சது. நான் மறுபடியும் தேய்க்க ஆரம்பிச்சதும், கஷாயம்னு சொன்ன அதே ரூம்மேட் ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல வந்து உட்கார்ந்தா. "எங்க பாட்டியும் இதான் தேய்ப்பாங்க. எனக்கும் எண்ணெய் வச்சு விடறியா?"ன்னா. அன்னிக்குக் கஷாயம்னு கிண்டல் பண்ணவளுக்கு அந்த வாசனை ஏற்கெனவே தெரியும்னு அப்போதான் புரிஞ்சது. அதுக்கப்புறம் மாசத்துல ரெண்டு ஞாயிறு மொட்டை மாடியில எண்ணெய்க் குளியல். ஒருத்தி தலைக்கு இன்னொருத்தி. ஷாம்புன்னா பாத்ரூம் கதவைப் பூட்டிட்டு அஞ்சு நிமிஷத்துல தனியா முடிச்சிடலாம். எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கறதுக்கு இன்னொரு ஆள் கை வேணும்.

வேடிக்கை என்னன்னா, ஷாம்புங்கற வார்த்தையே முதல்ல அந்தக் கையைத்தான் குறிச்சது. 'சாம்போ'ன்னா ஹிந்தியில அழுத்து, பிசைன்னு அர்த்தம். பாட்னாவுல பிறந்த ஷேக் தீன் முகமது 1814-ல இங்கிலாந்துல இருக்கற பிரைட்டனுக்குப் போய், குளியல் நிலையம் வச்சு, வெள்ளைக்காரங்களுக்கு 'ஷாம்பூயிங்' பண்ணார். அது உடம்பு பிடிச்சு விடறது. பாட்டில்ல அடைச்ச திரவத்துக்கு அந்தப் பேர் வந்ததெல்லாம் பிற்பாடு தான். பேர் மட்டும் தங்கிடுச்சு, கை காணாம போயிடுச்சு.

இதையெல்லாம் ஆயாகிட்ட சொல்லணும்னு இந்தப் பொங்கல் லீவுக்குப் போனேன். ஆயா டிசம்பர்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு, வாக்கர் வச்சு நாலடி நடந்துட்டு இருந்தது. என் பாட்டிலும் தீர்ந்துடுச்சு. அம்மா, "கடையில பாக்கெட் விக்குது, வாங்கிக்கோ. ஆயாகிட்ட கேக்காத"ன்னு சொல்லியிருந்தாங்க. நான் கேக்கல. ஆனா பக்கத்துல உட்கார்ந்து, "ஷாம்பு எல்லாம் வேஸ்ட் ஆயா. உன் சீயக்காதான் பெஸ்ட்"னு பெருசா சர்ட்டிஃபிகேட் கொடுத்தேன்.

ஆயா சிரிச்சுது.

"ஷாம்பு வேஸ்ட்டா? உனக்கு என்னாடி தெரியும்? மூணு பொண்ணு, நானு, என் மாமியாரு. அஞ்சு தலை. எல்லாம் இடுப்புக்குக் கீழ முடி. பகலெல்லாம் முந்திரிக்கொட்டை ஒடச்சிட்டு வந்து, ராத்திரி உக்காந்து சீயக்கா ஒடச்சிக் கொட்டை எடுக்கணும். பாக்கெட்டு ஷாம்பு வந்தப்புறந்தான் நான் வெள்ளிக்கெழம காலையில உக்காந்து டீ குடிச்சேன்."

முந்திரிக்கொட்டை ஓட்டுல இருக்கற எண்ணெய் பட்டா தோல் வெந்து உரியும். அந்த விரலாலதான் ராத்திரி காய் உடைச்சிருக்கு. நான் இதை யோசிச்சதே இல்ல. என் ஞாபகத்துல தூள் எப்பவும் பாட்டில்ல ரெடியா இருக்கும்.

அந்த சாஷே கதையில எங்க மாவட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. கடலூர்ல சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தர், கூலி வேலை செய்யறவங்களும் வாங்கணும்னா பொருள் சின்னப் பாக்கெட்டுல வரணும்னு நினைச்சார். அவர் பிள்ளைங்க வெல்வெட் ஷாம்புவை சாஷேல வித்தாங்க. அதுல ஒருத்தர், சி.கே. ரங்கநாதன், தனியா பிரிஞ்சு 1983-ல 15,000 ரூபாயோட ஆரம்பிச்சதுதான் சிக். அப்பா பேரோட சுருக்கம். அஞ்சு காலி சாஷே கொடுத்தா ஒரு சிக் சாஷே இலவசம்னு ஒரு ஸ்கீம் வச்சிருந்தாங்க. ஆயா கழனிக்குப் போற வழியில கிடக்கிற காலி கவரெல்லாம் பொறுக்கி முந்தானையில முடிஞ்சு வச்சுக்குமாம். அதே கம்பெனி பின்னாடி மீரான்னு சீயக்காய்த் தூளும் போட்டது. ரெண்டு பக்கமும் அவங்கதான்.

நான் கேட்டேன்: "அப்போ இப்பவும் வீட்ல யாரும் சீயக்கா தேய்க்கிறதில்லயா?"

"யாரு தேய்க்கிறா? உங்கம்மாவே ஷாம்புதான். நானும் ஷாம்புதான்."

"பின்ன எனக்கு மட்டும் ஏன் அரைச்ச?"

"பொண்ணு ஆஸ்டலுக்குப் போவுது. இஞ்சினீரு படிப்பு. அதுல எனக்கு என்னா தெரியும்? தெரிஞ்சத குடுத்தேன்."

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. விட்டுட்ட வேலையை, எழுபது வயசுக்கு மேல, எனக்காக ஒரே ஒரு தடவை திரும்ப எடுத்துச் செஞ்சிருக்கு. மூணு நாள் மாடியில காய வச்சு, காக்கா விரட்டி, மில்லுக்குத் தூக்கிட்டுப் போய். அதைத்தான் நான் பழைய ஷூவுக்குப் பின்னாடி வச்சிருந்தேன். போன்ல தேய்க்கிறேன்னும் சொல்லியிருந்தேன்.

பொங்கல் முடிஞ்சதும் காலேஜுக்கு வரல. ரெண்டு நாள் அட்டெண்டன்ஸ் போனா போகட்டும்னு இருந்துட்டேன். பண்ருட்டி நாட்டு மருந்துக் கடையில ஆயா சொன்ன கணக்குப்படி வாங்கினேன். ஒரு கிலோ சீயக்காய், கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், கொஞ்சம் பூலாங்கிழங்கு, பூந்திக்கொட்டை, வெட்டிவேர். காய் உடைச்சுக் கொட்டை எடுக்க மட்டும் ஒரு சாயங்காலம் ஆச்சு. நகக்கண் எல்லாம் எரிச்சல். ஒரு நாள் காய வச்சு மில்லுக்குப் போனேன். மில்காரர் ஒரு காயை எடுத்து வளைச்சுப் பார்த்துட்டு, "ஈரம் இருக்கு. மெஷினு அடைச்சிக்கும். எடுத்துட்டுப் போ"ன்னு அனுப்பிட்டார். மறுபடியும் ஒரு நாள் வெயில். ரெண்டாவது தடவை போனப்போ, இதைக் கடைசியாத்தான் போடுவேன், இல்லன்னா அடுத்தவங்க மிளகாய்த்தூள்ல சீயக்காய் வாசனை வரும்னார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அரைக்கும்போது துப்பட்டாவை மூக்குல கட்டியும் இருபது தும்மல். பிளேஸ்மென்ட் இன்டர்வியூவுக்கு நான் இவ்வளவு கஷ்டப்படல.

அதனால, பழைய அழகுப் பொருள் எல்லாம் சுகம்னு எழுதும்போது இப்போ கொஞ்சம் கூச்சமா இருக்கு. அந்த சுகம் எனக்கு. வேலை ஆயாவுக்கு. ஆனா அந்த சுகம் பொய்யும் இல்ல. ஒருத்தர் நமக்காக உட்கார்ந்து செஞ்சாங்கங்கறதுதான் அதோட வாசனையே. அதை அனுபவிக்கணும்னா, நாமளும் ஒரு தடவையாவது காய் உடைக்கணும். அவ்வளவுதான் என் கணக்கு.

கிளம்பறதுக்கு முன்னாடி ஆயாவை பிளாஸ்டிக் சேர்ல உட்கார வச்சு, நான் அரைச்ச தூளைக் கஞ்சியில குழைச்சுத் தலை தேய்ச்சு விட்டேன். முடி இப்போ ஒரு கைப்பிடி தான் இருக்கு. கண்ணுல படாம நெத்தியில கையை அணை மாதிரி வச்சுத் தண்ணி ஊத்தினேன். தேய்ச்சுட்டே, "ஆயா, முதல் ரெண்டரை வருஷம் நான் இதைத் தொடவே இல்ல. பொய் சொன்னேன்"னேன்.

"தெரியும்"னுச்சு. "ரெண்டரை வருஷம் தீராத பாட்டிலு எங்க இருக்கு?"

அப்புறம் விரல்ல கொஞ்சம் எடுத்து மோந்து பார்த்துட்டு, "பூலாங்கெழங்கு கம்மி. பரவால்ல"ன்னுச்சு.

துண்டால தலையைத் துவட்டும்போது என் கையைப் பிடிச்சுத் திருப்பி நகத்தைப் பார்த்தது. "அடுத்த தடவ ஷாம்பு வாங்கிட்டு வா பாப்பா. உனக்குக் கை வலிக்கும்."