மாற்றுவழிக்கு ஒரு சொல்

வி.பி.என். என்றால் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ஒரே அர்த்தம்தான். இங்கே திறக்காத படத்தை வேறு நாட்டுக்காரன் மாதிரி வேஷம் போட்டுப் பார்ப்பது. நான் பிழைப்புக்குச் செய்யும் வி.பி.என். வேறு. அதில் வேஷம் கிடையாது. பெரும்பாலும் பூட்டும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் மலாக்கா அலுவலகத்தையும் ஜாசின், அலோர் காஜா கிளைகளையும், பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் வலையின் மேலேயே, அவர்களுக்கு மட்டும் உரிய வலை போல இணைத்துக் கொடுப்பதுதான் வேலை. இதற்கான முறை 1999இல் முதலில் எழுதப்பட்டது. 2006இல் ஆர்.எஃப்.சி. 4364 என்ற எண்ணோடு திருத்தி வெளியான ஆவணமே இன்றைக்கும் அடிப்படை.

ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் இரண்டு சீட்டு ஒட்டப்படுகிறது. லேபிள் என்பார்கள். ஒவ்வொன்றும் 4 பைட். உள்சீட்டு, இது எந்த வாடிக்கையாளருடையது என்று சொல்லும். அது கடைசி ரவுட்டருக்கு மட்டுமான செய்தி. வெளிச்சீட்டு, எந்த டனல் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும். நடுவில் நிற்கும் ரவுட்டர்கள் வெளிச்சீட்டை மட்டும் பார்த்து, மாற்றி ஒட்டி, அடுத்த கைக்குத் தள்ளிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவற்றுக்கு வேண்டாத விஷயம்.

டனலில் முக்கியமாக இரண்டு சாதி உண்டு. ஒன்று எல்.டி.பி. டனல். ரவுட்டர்கள் தங்களுக்குள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த குறுக்குவழியில் அது போகும். அந்த வழி அடைபட்டால் அடுத்த வழிக்குத் தானே திரும்பிக்கொள்ளும். உத்தரவாதம் எதுவும் கிடையாது. இன்னொன்று டி.இ. டனல். இந்த ரவுட்டர், அடுத்து இந்த ரவுட்டர் என்று பெயர் சொல்லி வழி வகுக்கலாம். எனக்கு இவ்வளவு கொள்ளளவு ஒதுக்கி வை என்றும் கேட்கலாம். பணக்காரப் பாதை.

இந்த இரண்டில் எந்த வி.பி.என். எதில் ஏறும் என்று எழுதி வைப்பதுதான் டனல் பாலிசி. ஹுவாவே ரவுட்டரில் நாம் ஒன்றும் எழுதாவிட்டால் எல்லாரும் எல்.டி.பி.யில் ஏறிக்கொள்வார்கள். விருப்ப வரிசை எழுதலாம்: முதலில் டி.இ. பார், கிடைக்காவிட்டால் எல்.டி.பி. எடுத்துக்கொள். அல்லது கட்டிவைக்கலாம். இந்த வி.பி.என். இந்த டனலில் மட்டும்தான் போகும் என்று. அந்தக் கட்டளையின் பெயரே ‘பைண்டிங்’.

நாங்கள் பராமரிக்கும் வலைகளில் ஒன்றில், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ஒரு பெரிய வாடிக்கையாளரை அப்படிக் கட்டிவைத்திருந்தார்கள். மலாக்காவிலிருந்து ஜாசினுக்கு நேர்வழி, ஒதுக்கப்பட்ட கொள்ளளவு, வேறு யாரும் குறுக்கே வர முடியாது. அதற்குத் தனிக் கட்டணம். ஒருநாள் சாலையை அகலப்படுத்திய மண்வாரி இயந்திரம் அந்த வழியிலிருந்த ஃபைபரை அறுத்துவிட்டது. சாதாரணக் கட்டணம் கட்டியவர்களின் போக்குவரத்து சில விநாடி தடுமாறி, அலோர் காஜா, செலண்டார் என்று சுற்றிக்கொண்டு ஜாசினுக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் மெதுவாகப் போனது, அவ்வளவுதான். தனிக் கட்டணம் கட்டியவர் மட்டும் நான்கு மணி நேரம் இருட்டில் இருந்தார். சுற்றுவழியில் இடம் இருந்தது. போகலாம் என்ற அனுமதிதான் இல்லை.

அந்த அனுமதி ஒரே ஒரு சொல். கட்டளையின் கடைசியில் ‘டவுன்-ஸ்விட்ச்’ என்று சேர்க்க வேண்டும். கட்டிய டனல் விழுந்தால் வேறு டனலைத் தேடிக்கொள் என்று அதற்குப் பொருள். சேர்க்காவிட்டால் டனலோடு வி.பி.என்.னும் விழும். சிஸ்கோவில் ஊர்விட்டு ஊர் ஈதர்நெட்டை நீட்டும் இணைப்புகளில் இது தலைகீழ். சொன்ன பாதை விழுந்தால் அது தானாகவே மாற்றுவழிக்குப் போகும். போகக்கூடாது என்றால்தான் ‘டிசேபிள்-ஃபால்பேக்’ என்று எழுத வேண்டும். ஒருவர் மௌனம் சம்மதம், இன்னொருவர் மௌனம் மறுப்பு. ஒன்றில் பழகிய கை இன்னொன்றைத் தொடும்போது இதைத்தான் முதலில் கற்க வேண்டும்.

அன்று இரவு வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“அப்ப மத்தவன் எல்லாம் போயிட்டான், இவன் மட்டும் நின்னுட்டானா?”

“ஆமாப்பா. அவனுக்குத்தான் தனிப் பாதை.”

“நம்ம தோட்டம் மாதிரி.”

அப்பா ஜாசின் பக்கம் பால்மரம் சீவியவர். மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக முதலில் நடப்பட்டதே எங்கள் மாநிலத்தில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் நட்டார். பிறகு எழுந்த தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் கட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நடந்தது. வந்தவர்களுக்கு எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, டிரஸ்ஸர், கோயில், தமிழ்ப்பள்ளி. “வெளிய போகவே தேவ இல்ல” என்று பாட்டி பெருமையாகச் சொல்வார். அதுவும் ஒரு உத்தரவாதம்தான்.

தோட்டம் கைமாறியபோது அந்த உத்தரவாதத்தின் மறுபக்கம் தெரிந்தது. வேலை போனால் வீடு போனது. வீடு போனால் பள்ளிக்கூடமும் போனது. எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது. எங்களுக்கு மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். அக்கா ஐந்தாம் படிவப் பரீட்சை எழுத வேண்டிய வருடம் அது. புத்தகத்தை மூடிவிட்டு மலாக்காவில் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். அவள் சம்பளத்தில்தான் நான் படித்தேன். ரவுட்டரையும் தோட்டத்தையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அந்த வாடிக்கையாளர் இழந்தது நான்கு மணி நேரம். அக்கா இழந்ததை எந்த ஃபைபரை ஒட்டியும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் இரண்டிலும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுதான்: இந்த ஏற்பாடு விழுந்தால் இவர்கள் எங்கே போவார்கள்?

கேட்டவர்களும் இருந்தார்கள். ஐம்பதுகளிலிருந்து ஆங்கிலேயர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டு மறுபடி விற்ற காலம். 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். எல்லாரையும் அது தாங்கவில்லை. ஆனாலும் விழுந்தால் பிடிக்க ஒரு வழி முன்கூட்டியே இருக்க வேண்டும் என்ற யோசனை அதில் இருந்தது.

ஃபைபர் சரியான பிறகு நடந்த கூட்டத்தில், டவுன்-ஸ்விட்ச் போட்டுவிடலாம் என்றேன். மூத்த பொறியாளர் ஒருவர் தலையசைக்கவில்லை.

“போடலாம் தம்பி. ஆனா இவ்ளோ பெரிய ஆளு திடீர்னு பொதுப் பாதையில வந்து விழுந்தா அங்க இருக்கிற சின்ன சின்ன கிளினிக்கெல்லாம் என்ன ஆகும்?”

அவர் கேட்டது நியாயம். டி.இ. டனலில் போன பாரம் முழுவதும் எல்.டி.பி. பாதையில் இறங்கினால், ஏற்கெனவே அங்கே அமைதியாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் நசுங்குவார்கள். தோட்டங்கள் மூடியபோது பட்டண ஓரத்துப் புறம்போக்குக் குடிசைகளில் ஏற்கெனவே இருந்தவர்களும் வந்து சேர்ந்தவர்களும் ஒரே தண்ணீர்க் குழாய்க்கு நின்றதை நினைத்துக்கொண்டேன். வழி திறந்துவிட்டால் மட்டும் போதாது. வந்து சேர்பவர்களை அந்த வழி தாங்கவும் வேண்டும். கடைசியில் மூன்று காரியம் செய்தோம். டி.இ. டனலுக்கே அலோர் காஜா வழியாக இரண்டாவது பாதை ஒன்றை எழுதினோம். அதுவும் விழுந்தால் பொதுப் பாதைக்கு இறங்க டவுன்-ஸ்விட்ச் சேர்த்தோம். அப்படி இறங்கும்போது இவ்வளவுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று பெரியவருக்கு ஒரு வரம்பு வைத்தோம். வரம்பு போட்டதில் வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் வருத்தம். நான்கு மணி நேர இருட்டை நினைவுபடுத்தியதும் கையெழுத்துப் போட்டார்.

இதில் பாலிசி தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தன. அவற்றில் ஒன்று சீ-மீ-வீ 4. மலாக்காவிலும் சென்னையிலும் கரையேறும் அதே கேபிள். இந்தியாவில் இணையம் தள்ளாடியபோது, கிழக்கே சிங்கப்பூர்ப் பக்கம் சுற்றிவரக் கேபிளில் இடம் வைத்திருந்தவர்கள் முதலில் எழுந்தார்கள். இடம் இல்லாதவர்களுக்கு எந்தக் கட்டளையும் உதவவில்லை. பாலிசி இருப்பதிலிருந்துதான் தேர்ந்தெடுக்கும். இல்லாததை உண்டாக்காது.

போன மாதம் எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தங்கச்சி, நியாலாஸ் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அண்ணே, இந்தக் கிளைக்கு ஒரே கோடுதானே போகுது. இதுக்கு எதுக்கு டவுன்-ஸ்விட்ச்?”

“இப்ப அதால பிரயோஜனம் இல்லதான்மா. ரெண்டாவது கோடு வர்ற அன்னிக்கு, யாராவது மறந்துடக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கேன்.”

அந்தக் கிளைக்கு ரேடியோ இணைப்பு ஒன்று வேண்டும் என்று இரண்டு முறை விண்ணப்பம் எழுதிவிட்டேன். மூன்றாவதை அவளை எழுதச் சொல்லியிருக்கிறேன்.