முத்தண்ணாவும் அப்பாவும்

பொம்மசந்திராவுக்கு மெட்ரோ 2025 ஆகஸ்ட்ல ஒருவழியா வந்தாச்சு. அதுல ஏறும்போதெல்லாம் எனக்கு 'கவலுதாரி' ஞாபகம்தான். 2019ல வந்த கன்னடப் படம், ஹேமந்த் ராவ் இயக்கினது. மெட்ரோவுக்குத் தோண்டின இடத்துல எலும்புக்கூடுகள் கிடைக்கும். டிராஃபிக் எஸ்.ஐ. ஷ்யாமுக்கு (ரிஷி) அந்தக் கேஸ்ல ஒரு வேலையும் இல்ல, ஆனாலும் விட மாட்டார். எமர்ஜென்சி காலத்துலயே அதை விசாரிச்ச முத்தண்ணா, ரிட்டயர் ஆகி, குடியில நாளைத் தள்ளிக்கிட்டு இருப்பார். அனந்த் நாக்! மனுஷன் பின்னிட்டார்.

எங்க பிராஞ்சுல பாதிப் பேர், "செம ஸ்லோ சார், குடிகார போலீஸ் எல்லாம் பழைய கதை"ன்னாங்க. 2021ல சிபிராஜ், நாசர் நடிச்சு தமிழ்ல 'கபடதாரி'யா வந்தப்பவும் அதே பேச்சுதான். நானும் தலையாட்டினேன். ஃப்ளாஷ்பேக் நீளம்தானே?

போன மாசம் ஊர்லேர்ந்து அப்பா வந்திருந்தார். ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவர். குடி கிடையாது, வீட்ல கேஸ் பேச்சும் கிடையாது. முத்தண்ணா பழைய கேஸைப் பத்திப் பேச ஆரம்பிச்சதும் "நிறுத்துடா"ன்னார். தண்ணி குடிச்சார். அப்புறம், காணாமப்போன ஒரு பொண்ணைப் பத்தி, ஸ்டேஷன் வாசல்ல வந்து நின்ன அவ அம்மாவைப் பத்தி, முதல்தடவையா சொன்னார்.

"நான் ரிட்டயர் ஆன அன்னிக்கும் வந்துச்சுடா அந்தம்மா."

நாங்களாவது வாராக்கடனை ஒரு கட்டத்துல தள்ளி எழுதிடுவோம்...

மிச்சப் படத்தை மறுநாள் ராத்திரி போட்டேன். அப்பா பார்க்க வரல. கொலைகாரன் கிடைச்சானான்னு மட்டும் காலையில காபி குடிக்கறப்ப கேட்டார்.