பெரிய மோட்டார் சைக்கிள் என்றால் எவ்வளவு பெரியது?

என் சித்தியின் மகனுக்கு இந்த வருடம் 18 வயது. ஒஷாவாவில் பனி கரைந்து, சிம்கோ வீதியில் முதல் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்ட கிழமையே எனக்கு இரண்டு படங்கள் அனுப்பினான். ஒன்று ட்ரையம்ப் ரொக்கெட் 3. மற்றது ரோயல் என்ஃபீல்ட் சூப்பர் மீற்றியோர் 650. கீழே இரண்டு வரி: "அண்ணா, நீங்கள் எஞ்சினியர்தானே, எது நல்லது எண்டு சொல்லுங்கோ. அம்மாவுக்கும் நீங்களே சொல்லுங்கோ."

இரண்டு கோடை வேலை செய்து சேர்த்த காசு அவனிடம் இருக்கிறது. மிச்சத்துக்குக் கடன் எடுக்கலாம் என்பது அவன் கணக்கு. சித்தியின் பதில் ஒரே சொல்: "வேண்டாம்." ஒருவர் பெரிசு வேண்டும் என்கிறார், மற்றவர் பெரிசு வேண்டாம் என்கிறார். ஆனால் பெரிசு என்றால் என்ன என்று இருவருமே சொல்லவில்லை. அதனால் இரண்டு வண்டிகளின் விபரப் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு அவனுக்கு எழுதினேன். உங்களில் பலருக்கும் இதே ஆசை இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

சிசி எங்கிருந்து வருகிறது?

பட்டியலில் எல்லோரும் முதலில் பார்ப்பது சிசி. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகும் இடத்தின் கொள்ளளவு அது. நீங்களே கணக்குப் போடலாம். சூப்பர் மீற்றியோரின் சிலிண்டர் விட்டம் 78 மில்லிமீற்றர், பிஸ்டன் நகரும் தூரம் 67.8 மில்லிமீற்றர், சிலிண்டர்கள் 2. பாடசாலையில் படித்த உருளையின் கனவளவுச் சூத்திரத்தில் போட்டால் 648 வரும். ரொக்கெட் 3-க்கு விட்டம் 110.2, தூரம் 85.9, சிலிண்டர்கள் 3. விடை 2,458. அதன் ஒரு சிலிண்டர் மட்டும் 819 சிசி. அதாவது சூப்பர் மீற்றியோரின் முழு எஞ்சினையும் விட ரொக்கெட்டின் ஒரு சிலிண்டர் பெரியது.

ஆனால் "பெரிசு" என்பது இடத்துக்கு இடம் மாறும். என் அப்பா யாழ்ப்பாணத்தில் ஓடியது ஹொண்டா எம்டி 90. அந்த 90 சிசியில்தான் வீட்டுச் சாமானும் பிள்ளைகளும் போனார்கள். சூப்பர் மீற்றியோர் சென்னைக்கு அருகில் செய்யப்படுகிறது. அங்கே 648 சிசி என்றால் வீதியில் திரும்பிப் பார்ப்பார்கள். அதே வண்டி கப்பல் ஏறி ஒன்ராறியோ வந்ததும், "பழகுகிறவருக்குச் சரி" என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரே எஞ்சின், வேறு உடுப்பு

அடுத்த குழப்பம், ஒரே மொடலுக்கு ஏன் இத்தனை பெயர்கள் என்பது. இது ஒஷாவாக்காரருக்குப் புதிதாக இருக்கக் கூடாது. இந்த ஊரில் மக்லாக்லின் குடும்பம் குதிரை வண்டி செய்து வந்தது. 1907-இல் அவர்கள் மோட்டார் கார் கொம்பனி தொடங்கியபோது, எஞ்சினை அமெரிக்காவின் பியூயிக்கிடம் வாங்கினார்கள். உடலை ஒஷாவாவில் செய்து பொருத்தினார்கள். 1918-இல் அந்தக் கொம்பனிதான் ஜெனரல் மோட்டர்ஸ் கனடா ஆனது. எஞ்சின் ஓரிடம், உடுப்பு வேறிடம் என்ற வேலையில்தான் இந்த நகரமே வளர்ந்தது.

சூப்பர் மீற்றியோர் 2022 நவம்பரில் மிலான் கண்காட்சியில் காட்டப்பட்டு, 2023 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. மூன்று வகைகள். அஸ்ட்ரலுக்கு ஒற்றை நிறம். இன்டர்ஸ்ட்டெல்லருக்கு இரட்டை நிறம். செலஸ்டியலுக்கு இரட்டை நிறத்தோடு காற்றுக் கண்ணாடி, அகலமான சீற், பின்னால் இருப்பவருக்கு முதுகுச் சாய்வு. அன்றைய விலை 3,48,900, 3,63,900, 3,78,900 ரூபாய். ஒவ்வொரு படிக்கும் சரியாக 15,000 ரூபாய் கூடுகிறது. எஞ்சின், கியர், பிறேக், சஸ்பென்ஷன் மூன்றிலும் ஒன்றே. காசு போவது பெயின்டுக்கும் சீற்றுக்கும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே 648 சிசி எஞ்சின் 2018-இல் விற்பனைக்கு வந்த இன்டர்செப்டர் 650-இலும் இருக்கிறது. எஞ்சின் ஒன்றாக இருந்தாலும் சட்டம், சீற், சில்லு எல்லாம் வேறு என்பதால் ஓடும்போது அது வேறு வண்டி. ஆகவே "ஒரே எஞ்சின்தானே" என்று கேட்டதும் முடிவு எடுக்க வேண்டாம். அஸ்ட்ரலுக்கும் செலஸ்டியலுக்கும் உள்ள வித்தியாசம் உடுப்பு. சூப்பர் மீற்றியோருக்கும் இன்டர்செப்டருக்கும் உள்ள வித்தியாசம் எலும்பு.

ரொக்கெட் 3-இன் வகைகளில் மாறுவது இருக்கும் விதம். ஆர் வகையின் சீற் உயரம் 773 மில்லிமீற்றர். ஜிடி வகையில் 750. ஜிடியில் கால்கள் முன்னுக்கு நீளும், கைபிடி பின்னுக்கு வரும். எஞ்சின் இரண்டிலும் அதே எஞ்சின்தான். இப்படியான வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கலாம். நாள் முழுக்க ஓடினால் உங்கள் முதுகுக்கு அது தெரியும்.

முறுக்கு விசையும் வலுவும்

பட்டியலில் சூப்பர் மீற்றியோருக்கு 52.3 நியூட்டன் மீற்றர், 5,650 சுற்றில் என்று இருக்கும். ஒரு மீற்றர் நீளமான ஸ்பனரைக் கிடையாகப் பிடித்து, அதன் நுனியில் 5.3 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. 2019-இல் வந்த ரொக்கெட் 3-க்கு 221 நியூட்டன் மீற்றர், அதுவும் 4,000 சுற்றிலேயே. அதே ஸ்பனரில் 22.5 கிலோ. கை கொஞ்சம் தவறித் திருகினாலும் என்ன வரும் என்று இதிலிருந்து விளங்கும்.

வலு என்பது இந்த முறுக்கு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது. நியூட்டன் மீற்றரைச் சுற்றால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 52.3-ஐ 5,650-ஆல் பெருக்கி வகுத்தால் ஏறக்குறைய 31. ஆனால் பட்டியலில் உச்ச வலு 47 குதிரை வலு, அதாவது 34.6 கிலோவாட், 7,250 சுற்றில் என்று இருக்கிறது. பிழை இல்லை. 7,250-இல் முறுக்கு ஏறக்குறைய 46-க்கு இறங்கிவிட்டது, ஆனால் சுற்று கூடியதால் வலு கூடிவிட்டது. ஊருக்குள் ஓடும்போது நீங்கள் 7,250 சுற்றுக்குப் போகவே மாட்டீர்கள். தினமும் உங்கள் கைக்குத் தெரிவது முறுக்கு விசைதான்.

47 என்ற எண் யார் எழுதியது?

648 சிசியில் இதைவிடக் கூடுதல் வலு எடுக்க முடியும். பிறகு ஏன் 34.6 கிலோவாட்? ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் ஏ2 என்று ஒரு லைசென்ஸ் இருக்கிறது. இளையவர்கள் முழு லைசென்ஸ் எடுக்கும் முன் அதைத்தான் எடுப்பார்கள். அதன் எல்லை 35 கிலோவாட். இப்போது 34.6-ஐத் திரும்பப் பாருங்கள். சட்டம் போட்ட கோட்டைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அங்கே ஏ2 வைத்திருக்கும் பிள்ளைக்கு ரொக்கெட் 3-இன் திறப்பைக் கொடுக்கவே முடியாது. அதன் வலு 123 கிலோவாட்.

ஒன்ராறியோவில் அப்படி ஒரு கோடு இல்லை. 16 வயதில் கண் பரிசோதனையும் எழுத்துப் பரீட்சையும் சித்தியடைந்தால் எம்1 கிடைக்கும். அது 90 நாள் செல்லும், குறைந்தது 60 நாள் வைத்திருக்க வேண்டும். எம்1-இல் இரவில் ஓட முடியாது, பின்னால் ஆள் ஏற்ற முடியாது, மது துளியும் கூடாது. 80 கிலோமீற்றருக்கு மேல் வேக எல்லை உள்ள நெடுஞ்சாலையில், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, ஓடக்கூடாது. ஆகவே ஒஷாவாவிலிருந்து ஸ்காபரோ வர 401 கிடையாது, உள் வீதிகள்தான். அதன் பிறகு எம்2-இல் 22 மாதம், அங்கீகாரம் பெற்ற பயிற்சி எடுத்தால் 18 மாதம். இந்த விதிகள் எல்லாம் எப்போது, எங்கே, யாரோடு என்பதைப் பற்றியவை. எந்த எஞ்சின் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. எம்1 எடுத்த மறுநாள் 2,458 சிசியில் ஏறினாலும் சட்டப்படி சரி.

இதைத்தான் சித்தியின் மகனுக்கு அழுத்திச் சொன்னேன். லண்டனில் உன் வயதுப் பொடியனுக்குச் சட்டம் செய்கிற வேலையை, ஒஷாவாவில் நீயே செய்ய வேண்டும். விபரப் பட்டியலை வாசிக்கத் தெரியாவிட்டால் உனக்காக வாசிக்க இங்கே ஆள் இல்லை.

சித்தி கேட்ட கேள்வி

சித்தியோடு கதைத்தபோது பயமில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். எம்1 விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் அவ கேட்டா: "அது சரி தம்பி, சாய்ஞ்சா ஆர் தூக்கிறது?"

நானும் அவனும் அவ்வளவு நாள் கதைத்ததில் கேட்காத கேள்வி அது. சிசியும் வலுவும் ஓடும்போதுதான். நிறை, சிக்னலில் நிற்கும்போதும், பார்க்கிங்கில் திருப்பும்போதும், வீட்டு முற்றச் சரிவில் தள்ளும்போதும் உங்களோடு இருக்கும்.

சூப்பர் மீற்றியோர் 241 கிலோ. இது எண்ணெயும், தாங்கியின் கொள்ளளவான 15.7 லீற்றரில் 90 வீதம் பெற்றோலும் சேர்த்து. ரொக்கெட் 3 ஆர் 2019 பட்டியலில் 291 கிலோ. ஆனால் அது உலர் நிறை: பெற்றோல் முதலிய திரவங்கள் இல்லாமல் நிறுத்தது. 2024-இல் வந்த ஸ்டோர்ம் ஆர் வகைக்கு எல்லாம் சேர்த்து 317 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். வண்டி திடீரென்று 26 கிலோ கொழுக்கவில்லை, நிறுக்கும் முறை மாறியது. இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் நிறுத்ததா என்று முதலில் பாருங்கள். உலர் நிறையில் யாரும் வீதியில் ஓடுவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. வண்டியின் பார மையம் நிலத்திலிருந்து அரை மீற்றர், கைபிடி ஒரு மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நின்ற இடத்தில் வண்டி 10 பாகை சாய்ந்தால், 241 கிலோ வண்டியைப் பிடித்து நிறுத்தக் கைபிடியில் ஏறக்குறைய 21 கிலோ அளவு விசை வேண்டும். எங்கள் வீடுகளில் இருக்கும் 40 இறாத்தல் அரிசி மூட்டை ஒன்றைவிடக் கொஞ்சம் கூட. 20 பாகை சாய்ந்தால் 41 கிலோ, இரண்டு மூட்டைக்கும் மேல். 317 கிலோ வண்டியென்றால் அதே 20 பாகையில் 54 கிலோ, மூன்று மூட்டை. சாய்வு இரட்டித்தால் பாரமும் இரட்டிக்கிறது. எனவே சாயத் தொடங்கும்போதே பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படிய வேண்டும். சூப்பர் மீற்றியோரின் சீற் உயரம் 740 மில்லிமீற்றர், அதாவது 29 அங்குலம். க்ரூஸர் வகை வண்டிகள் தாழ்வாக இருப்பது அழகுக்கு மட்டுமல்ல. இந்த நிறையைக் காலால் தாங்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

சித்தி இன்னும் "சரி" என்று சொல்லவில்லை. ஆனால் "வேண்டாம்" என்பது "முதல்ல பயிற்சியை எடு, பிறகு பாப்பம்" என்று மாறியிருக்கிறது. அவனும் சம்மதித்துவிட்டான். பயிற்சிக்கு அவர்களே ஒரு சிறிய வண்டி தருவார்கள். அதுவரை வங்கியில் கடன் கேட்க வேண்டாம் என்றும், வாங்கும் முன் இரண்டு மொடலுக்கும் காப்புறுதி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வைக்கச் சொல்லியும் இருக்கிறேன். வயது, லைசென்ஸ் படி, மொடல் மூன்றையும் பார்த்துத்தான் அந்தத் தொகை போடுவார்கள்.

நீங்கள் வாங்கப் போனால் பட்டியலைக் கீழிருந்து மேலே வாசியுங்கள். முதலில் நிறை, பிறகு சீற் உயரம், பிறகு பிறேக்கும் ஏபிஎஸும், பிறகு முறுக்கு விசை. சிசியும் நிறமும் கடைசி. கடைக்குப் போகும்போது ஓடும்போது போடப்போகும் சப்பாத்தையே போட்டுக்கொண்டு போங்கள். ஏறி இருந்து, இரண்டு காலும் ஊன்றி, எஞ்சினைப் போடாமல், வண்டியைப் பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். விற்பவர் உதவிக்கு வந்தால், வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.