ஆசாரம் என்று நான் சொன்னது

வெளியிலிருந்து வந்த சமயத்தானைப்பற்றி எங்கள் ஊருக்கு இருந்த அபிப்ராயம் மலையாகவே கிடக்கிறது. மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து ஏவிய பாம்பு, பாண்டியனின் அம்பு பட்டு விழுந்து நாகமலை ஆயிற்று என்பது திருவிளையாடல் கதை. யானைமலைக்கும் பசுமலைக்கும் இதே மாதிரிக் கதைகள்தான். ஆனால் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கீழக்குயில்குடிச் சமணர்மலையில், செட்டிப்பொடவுக் குகைச் சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் வேறு விஷயம் வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தச் சாசனங்களில் ஒன்று, திருமேனியைச் செய்வித்தது குயில்குடி ஊரார் பேரால் என்கிறது. மலைமேல் கன்னடத்திலும் ஒரு சாசனம் உண்டு. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து இங்கே படுத்து எழுந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. பாம்பை ஏவினவர்கள் என்று புராணம் சொல்கிறவர்களோடு, ஊர் தன் பெயரையும் கல்லில் சேர்த்துப் போட்டிருக்கிறது.

இவற்றில் எதை நம்புவது என்கிற சர்ச்சை எனக்கு இப்போது முக்கியமில்லை. வந்தவனை ஊர் என்ன செய்தது என்பதுதான் முக்கியம். அப்படி வந்த ஒருவனுக்கு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1979. எனக்கு இருபத்துநாலு வயசு. மதுரைப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு காமராசர் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதில் நான் ஆராய்ச்சி மாணவன். தமிழ் உரைநடையின் ஆரம்பம் என்று விஷயம் எடுத்து, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்ட ராபர்ட் தெ நொபிலியிடம் மாட்டிக்கொண்டிருந்தேன். கவிதையும் எழுதினேன், அல்லது எழுதுவதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மாடி அறைக்கு ஒரு அமெரிக்கப் பையன் குடிவந்தான். இருபத்திரண்டு வயசு. ஏதோ ஒரு சபை இரண்டு வருஷத் தொண்டுக்கு என்று அனுப்பியிருந்தது. கிராமத்துப் பையன்கள் தங்கிப் படிக்கிற விடுதி ஒன்றில் இங்கிலீஷ் சொல்லித்தருவான். கணக்கு எழுதுவான். சிரங்கு வந்த பையன்களுக்கு மருந்து போடுவான். பிரசங்கம் கிடையாது. விடியுமுன் மொட்டைமாடியில் உட்கார்ந்து பைபிள் வாசிப்பான், அவ்வளவுதான்.

அன்னியப் பணம், மதமாற்றம், உளவு இவற்றில் ஒன்றாக இல்லாமல் ஒரு வெள்ளைக்காரன் இங்கே வரமுடியாது என்று நாங்கள் டீக்கடையில் தீர்மானித்து வைத்திருந்தோம். அவனிடம் இருந்ததோ வயிற்றுப்போக்கும் ஊர் நினைப்பும்தான். தபால்காரருக்காக வாசலில் நிற்பான். கடிதம் இல்லாத நாளில் மாடிப்படியில் ஏறுகிற சத்தமே வேறாக இருக்கும். வாளித் தண்ணீரில் குளிக்க, சோற்றைப் பிசைய, பஸ்ஸில் தொற்றிக்கொள்ள எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டான். தெருப் பிள்ளைகள் அவன் பேசுவதைக் கேட்டுச் சிரித்தார்கள். தொண்டு செய்ய வந்தவன் முதலில் மற்றவர்களிடம் தண்ணீரும் சோறும் சொல்லும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. குழந்தை மாதிரி. அதை அவன் வெட்கப்படாமல் செய்தான்.

தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன் நான். என் கவிதைகளை அவனைக்கொண்டு இங்கிலீஷில் போட்டுவிடலாம் என்கிற நப்பாசையும் இருந்தது. பேச்சுத் தமிழ் அவனுக்கு எதற்கு என்று எழுத்துத் தமிழையே கொடுத்தேன். ஆறு மாசத்தில் பத்திரிகைத் தலையங்கம் வாசித்தான். சோடா வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை. 'அண்ணே' என்று கூப்பிட பெட்டிக்கடைக்காரர்தான் கற்றுக்கொடுத்தார்.

ஓடைக்கு அந்தப்பக்கம் காலனி. அங்கிருந்து ஒரு கிழவி தலைச்சுமையாக விறகு கொண்டுவந்து தெருவில் விற்பாள். அவள் மகன் தேனி ரோட்டில் லாரி அடித்துச் செத்துப்போனான். பையன் என்னிடம் வந்து, துட்டிக்குப் போகவேண்டும், என்ன சொல்வது என்று கேட்டான். தங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறேன் என்று ஒரு வாக்கியம் எழுதிக்கொடுத்தேன். மனப்பாடம் செய்துகொண்டே போனான். நானும் ஓடைவரை போனேன். அதற்குமேல் போகவில்லை. நான் அதுவரை அதைத் தாண்டினதே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து வந்தான். வாக்கியம் மறந்துவிட்டதாம். சும்மா உட்கார்ந்திருந்தானாம். கிழவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாளாம். பாதி புரியவில்லையாம். 'ராசா' என்றால் கிங் என்றுதானே அர்த்தம், என்னை ஏன் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டான்.

அம்மா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தாள்: "ஏன்டா, அந்தத் தம்பியக் காலக் கழுவிட்டுப் படியேறச் சொல்லு."

துட்டி வீட்டுக்குப் போய்வந்தால் கால் கழுவுவது எங்கள் வழக்கம்தான். சொன்னேன். முருங்கை மரத்தடி வாளியில் கழுவிக்கொண்டு ஏறினான். அன்று சொன்னது பொய்யில்லை.

ஆனால் அவன் அடுத்த வாரமும் போனான். அதற்கடுத்த வாரமும் போனான். கிழவி இவனுக்கென்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ஒவ்வொரு முறையும் அவன் திரும்புவதற்குள் மரத்தடியில் வாளி நிரம்பியிருக்கும். மாடிப்படி வெளிப்பக்கத்தில். அவன் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடத் தேவையில்லை. இருந்தும் வாளி இருந்தது. பதினாறாம் நாள் கழிந்த பிறகு கேட்டான்: "இன்னும் கழுவ வேண்டுமா அண்ணே?"

"ஒரு வருஷம்வரை. அது இங்கே ஆசாரம்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. செத்தவனை ஒரு வருஷம் தண்ணீரால் நினைத்துக்கொள்கிற ஜனங்கள் என்று தன் தாயாருக்கு எழுதியிருப்பதாகப் பிறகு சொன்னான். நான் திருத்தவில்லை. அம்மாவைக் காப்பாற்றினேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். காப்பாற்றியது என்னைத்தான். ஓடைக்கு இந்தப்பக்கமே நின்றுவிட்டவன் அவன் கண்ணில் நல்லவனாகவே இருக்க விரும்பினேன்.

இதில் வேடிக்கை, பகலெல்லாம் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது இந்த விஷயத்தைத்தான். நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தபோது வயசு இருபத்தொன்பது. அதற்குமுன் இங்கிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியாரை ஊர் பரங்கி என்று ஒதுக்கியிருந்தது. நொபிலி தனியாக வீடு பார்த்துக்கொண்டு, காவி உடுத்து, ஒருவேளை மரக்கறிச் சாப்பாட்டோடு தமிழும் தெலுங்கும் படித்தார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் கற்றார். பூணூலும் குடுமியும் சந்தனமும் ஸ்நானமும் மத சம்பந்தமானவை அல்ல, வெறும் சமூக ஆசாரங்கள் என்று 1613-ல் லத்தீனில் வாதித்து எழுதினார். மனு முதலிய நூல்களை ஆதாரம் காட்டினார். 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அதை அங்கீகரித்தார். உயர்குலத்தார் தாழ்ந்தவர்களை இகழவேண்டாம் என்ற வேண்டுகோளும் அதோடு இருந்தது. வேண்டுகோள் ஏட்டில் நின்றது. தாழ்ந்த சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என வேறொரு வகைக் குருமாரை 1640 முதல் ஏற்படுத்தவேண்டி வந்தது.

நொபிலியின் சமரசம் என்று இதை நான் ஆய்வேட்டில் கண்டித்திருந்தேன். கண்டிப்பது சுலபம். அவருக்கு ஆசாரம் எது, மதம் எது, கொடுமை எது என்று பிரித்துச் சொன்ன வாய்கள் யாருடையவை? படித்த, பக்குவமான, தங்களுக்கு எது சௌகரியம் என்று தெரிந்த உள்ளூர்க்காரர்கள். என்னைப்போன்றவர்கள். வந்தவன் எங்களைப் பார்ப்பது எங்கள் மொழிபெயர்ப்பின் வழியாக. தப்பு அவன் கண்ணில் மட்டும் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அந்தப் பையன் ஓடையைச் சுலபமாகத் தாண்டினான், ஏனென்றால் தாண்டுவதில் அவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. இழக்க அவனுக்கு இங்கே சாதி கிடையாது. தன் ஆட்களை இழந்து தாண்டியவர்களும் எங்கள் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். 1925-ல் அமெரிக்க மதுரை மிஷனுக்கு வந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தானும் அப்போது இருபதுகளில் இருந்தவர்தான். அரசாங்கத்துக்கு உரிய மரியாதை காட்டுவோம், அரசியலில் தலையிடமாட்டோம் என்று அன்னிய மிஷன்களிடம் வெள்ளை அரசு வாக்குறுதி வாங்கியிருந்த காலம். இவர் கதர் உடுத்தினார். காந்தியின் பக்கம் சாய்ந்தார். 1930-ல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். திரும்பி வந்தார். மறுபடியும் வெளியேற்றினார்கள். சுதந்திரத்துக்குப்பின் மறுபடியும் வந்து காந்திகிராமத்து மனிதராகவே ஆகிவிட்டார். 1984-ல் இறந்தார். நான் வாளி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் உயிரோடு இருந்தார். பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம். போகவில்லை. பார்த்தால் என்ன கேட்பார் என்று பயம் இருந்திருக்கலாம்.

1981-ல் பையன் ஊருக்குத் திரும்பினான். பஸ் ஏற்ற கிழவி வந்திருந்தாள். கடைவாசலில் எங்களுக்கு எட்டி நின்றாள். அவன்தான் அவளிடம் போனான். அவள் அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அம்மாவும் அழுதாள். அது நிஜமான அழுகை என்பதையும் சொல்லவேண்டும்.

என் கவிதைகள் இங்கிலீஷில் வரவில்லை. அம்மா போய்விட்டாள். முருங்கையை வெட்டி அங்கே கார் நிறுத்துகிறோம். சில வருஷங்களுக்கு முன் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தமிழில் எழுதியிருந்தான். எழுத்துக்கள் குழந்தைக் கையெழுத்து, வாக்கியங்கள் என்னுடையவை. தன் தாயார் இறந்த வருஷம் முழுவதும், கல்லறைக்குப் போய்வரும்போதெல்லாம் வாசலில் கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனதாகவும், பனிக்காலத்திலும் அதை விடவில்லை என்றும், அதைக் கற்றுக்கொடுத்ததற்கு எனக்கும் என் அம்மாவுக்கும் நன்றி என்றும் எழுதியிருந்தான்.

பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். அந்தத் தண்ணீரில் அவன் தன் தாயை நிஜமாகவே நினைத்திருக்கிறான். அதை எப்படிப் பிடுங்குவது? பிடுங்காமல் அந்தக் கிழவிக்கு என்ன பதில் சொல்வது? அவள் பேர்கூட எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

இந்த இதழை அவனுக்கு அனுப்பப்போகிறேன். எழுத்துத் தமிழ் அவன் வாசிப்பான்.