நாற்பது நிமிஷம் ஃபோன் எடுக்க மாட்டேன்

இந்த இதழுக்கு எழுதச் சொன்னப்போ எடிட்டர் கொடுத்த தலைப்பு, "கேம், படிப்பு, காதல்: மூணையும் பேலன்ஸ் பண்றது எப்படி?" அஞ்சு டிப்ஸ் மாதிரி வேணுமாம். என்கிட்ட டிப்ஸ் எதுவும் இல்ல. ஆனா இந்த மூணுக்கும் நடுவுல நாலு வருஷமா மாட்டிக்கிட்டு இருக்கிறதால சொல்றதுக்குச் சில விஷயம் இருக்கு. அதுவும் ஒரு பொண்ணு தன்னோட கேமிங் பத்தி இங்க எழுதி நான் பார்த்ததில்ல. எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம், தமிழ் ஒரே ஒரு பீரியட்தான். அதனால ர, ற எங்கயாவது மாறி இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

நம்ம பேட்ச் பத்தாவதுல 'ஆல் பாஸ்' பேட்ச். 2020-ல கொரோனாவால பப்ளிக் எக்ஸாமே நடக்கல. வீட்டுல அடைஞ்சு கிடந்த அந்த மாசங்கள்ல அண்ணனோட ஃபோன்ல பப்ஜி கத்துக்கிட்டேன். அந்த வருஷம் செப்டம்பர் 2-ஆம் தேதி அரசாங்கம் பப்ஜியைத் தடை பண்ணினப்போ அம்மா பாயசம் வைக்காத குறைதான். அப்புறம் 2021 ஜூலைல அது பிஜிஎம்ஐங்கிற பேர்ல வந்துச்சு, 2022 ஜூலைல காணாம போச்சு, 2023 மே மாசம் மறுபடி வந்துச்சு. இந்தத் தடவை கணக்கோட: 18 வயசுக்குக் கீழன்னா நாளைக்கு 3 மணி நேரம், அதுக்கு மேலன்னா 6 மணி நேரம். ஆறு மணி நேரம்! லேப் ரெக்கார்டு எழுதுற எந்த ஜீவனுக்கு அவ்வளவு நேரம் இருக்குன்னு தெரியல. நான் அதுக்குள்ள லேப்டாப்புக்கும் வேலரன்டுக்கும் மாறிட்டேன்.

போன ஆகஸ்ட்ல ஆன்லைன் கேமிங் சட்டம் வந்தப்போ அப்பா ஃபோன் பண்ணினார். குரல்ல ஒரு சின்ன சந்தோஷம். "ஏம்மா, உன் விளையாட்டைத் தடை பண்ணிட்டாங்களாமே?" அது பணம் கட்டி ஆடுற விளையாட்டுக்குத்தான்ப்பா, இ-ஸ்போர்ட்ஸை அந்தச் சட்டமே தனியா அங்கீகாரம் பண்ணியிருக்குன்னு சொன்னேன். "ஓ, அப்படியா"ன்னு வச்சிட்டார்.

வேலரன்ட் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர். ஒரு டீம் ஸ்பைக்குன்னு ஒரு குண்டு வைக்கணும், இன்னொரு டீம் அதைத் தடுக்கணும். 12 ரவுண்டு முடிஞ்சதும் பக்கம் மாறணும். யார் முதல்ல 13 ரவுண்டு ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு மேட்ச். 12-12 ஆயிட்டா இன்னும் நீளும். சராசரியா நாற்பது நிமிஷம் வச்சுக்கோங்க. இதுல பாதியில நிறுத்தி வைக்கிற பட்டன் கிடையாது. நான் எழுந்து போனா என் டீம்ல நாலு பேர் அஞ்சு பேரை எதிர்த்து ஆடணும். எனக்கும் தண்டனை உண்டு. கொஞ்ச நேரத்துக்கு அடுத்த மேட்ச் கிடைக்காது, ரேட்டிங்கும் குறையும்.

கேமைப் பத்தின சண்டைகள்ல பாதி இந்த ஒரு விஷயம் புரியாததால வருதுன்னு எனக்குத் தோணுது. எத்தனை மணி நேரம் விளையாடுறேன்னு யாரும் உண்மையில கணக்குப் பார்க்கிறதில்ல. கூப்பிட்டப்போ ஏன் திரும்பலங்கிறதுதான் கோபம். ரீல்ஸ் பார்க்கிறவங்க மூணு மணி நேரம் பார்த்தாலும் கூப்பிட்டா "ம்ம்"னு திரும்பிடுவாங்க. அதனால அவங்க நல்ல பிள்ளைங்க. நான் நாற்பது நிமிஷம் திரும்பல, அதனால நான் அடிமை.

அம்மாவுக்கு இதைப் புரிய வச்சது அடுப்படி மொழிதான். "அம்மா, அடுப்புல பால் பொங்குற நேரம்னு நினைச்சுக்கோ. அப்போ நான் கூப்பிட்டா நீ வருவியா?" அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. இப்போ ராத்திரி ஃபோன் எடுத்ததும் முதல் கேள்வியே "பால் இறக்கிட்டியா?"தான். ரூம்மேட்டுக்கு ரொம்ப நாள் நான் ஹாஸ்டல் ரூம்ல ஸ்டவ் வச்சிருக்கேன்னு சந்தேகம்.

படிப்பு பக்கம் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. அரியர் இல்ல, டாப்பரும் இல்ல. ஸ்டடி ஹவர் முடிஞ்சு ஒன்பதரைக்கு மேல ரெண்டு மேட்ச், அவ்வளவுதான். இன்டர்னல்ஸ் வாரத்துல ஒண்ணு கூட இல்ல. இதுக்கு விலை இருக்கு. மூணு வருஷமா நான் கோல்டு ரேங்க்லயே நிக்கிறேன். என்கூட ஆரம்பிச்சவங்க ரெண்டு பேர் அசெண்டன்ட் போயிட்டாங்க. கேம்ல மேல போகணும்னா கேமுக்கு நேரம் கொடுக்கணும், அது எந்த விளையாட்டுக்கும் உள்ளதுதான். இன்னொரு விலை தூக்கம். மூணையும் பேலன்ஸ் பண்றேன்னு யாராவது சொன்னா எத்தனை மணிக்குத் தூங்குறீங்கன்னு கேளுங்க, கணக்கு வெளிய வந்துடும்.

கேமால எனக்கு ஒரு லாபமும் உண்டு. நெட்வொர்க்ஸ் பேப்பர்ல யுடிபி, டிசிபி வித்தியாசம் மத்தவங்களுக்கு மனப்பாடம், எனக்கு அனுபவம். வேலரன்ட் சர்வர் செகண்டுக்கு 128 தடவை யார் எங்க இருக்காங்கன்னு கணக்குப் போடுது. தொலைஞ்சு போன ஒரு பாக்கெட்டை டிசிபி மாதிரி திரும்பக் கேட்டு வாங்கிட்டு இருந்தா, அது வர்றதுக்குள்ள எதிராளி இடம் மாறியிருப்பான். பழைய தகவல் எதுக்கு? அதனாலதான் இந்த மாதிரி கேம்கள் யுடிபி பக்கம் போகுது. பிளேஸ்மென்ட் சமயத்துல சீனியர் அக்கா ஒருத்தங்க, "ஹாபீஸ்ல கேமிங்னு போடாதடி, புக் ரீடிங்னு போடு"ன்னாங்க. நான் கேமிங்னே போட்டேன். ஒரு இன்டர்வியூல அதைப் பார்த்துட்டு லேட்டன்ஸி பத்திக் கேட்டாங்க, மேல சொன்னதையே சொன்னேன். அந்த ரவுண்டு கிளியர். அடுத்த ரவுண்டுல வெளியே. அது வேற கதை.

இப்போ அவன். மெக்கானிக்கல், இதே பேட்ச். பேர் எழுத மாட்டேன், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அவனுக்கு கேம்னா ஃபோன்ல கேரம். அவனோட உலகம் கிரிக்கெட், விக்கெட் கீப்பர். ஞாயித்துக்கிழமை காலைல கிரவுண்டுக்குப் போனா மத்தியானம் வரைக்கும் அவன் ஃபோன் யாரோ ஒருத்தன் பைக் கவர்ல இருக்கும். அதைப் பத்தி அவங்க வீட்டுல, கிளாஸ்ல, யாரும் எதுவும் சொல்றதில்ல. "பையன் கிரிக்கெட் ஆடப் போயிருக்கான்", முடிஞ்சது.

மூணாவது வருஷம் ஒரு தடவை அவன் நாலு கால் பண்ணி நான் எடுக்கல. அப்புறம் பேசினப்போ, "முகம் தெரியாத அந்த நாலு பேர் என்னைவிட முக்கியமா?"ன்னு கேட்டான். "நீ கீப்பிங் நிக்கும்போது நான் கூப்பிட்டா கிளவுஸைக் கழட்டிட்டு வருவியாடா?"ன்னு கேட்டேன். அவனுக்கு அது உடனே புரிஞ்சுது. கிரிக்கெட் மொழியில சொன்னா எதுவும் அவனுக்குப் புரியும். அன்னைக்கு முதல் மேட்ச் ஆரம்பிக்கும்போது 'டாஸ்'னு ஒரு மெசேஜ், முடிஞ்சதும் 'ஸ்டம்ப்ஸ்'னு ஒரு மெசேஜ்.

கஷ்டமான விஷயம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. நான் என்னதான் விளையாடுறேன்னு பார்க்கணும்னு அவனுக்கு ஆசை. ஒரு சனிக்கிழமை டிஸ்கார்டுல ஸ்கிரீனை ஷேர் பண்ணினேன், சத்தத்தோட. அன்னைக்கு எங்க செட் ஆட்கள் யாரும் இல்ல, முன்பின் தெரியாத நாலு பேரோட மேட்ச். இந்த கேம்ல பேசிக்கிறது பாதி ஆட்டம். எதிரி எங்க இருக்கான், எத்தனை பேர், யாருக்கு அடி பட்டிருக்கு, எல்லாம் வாயால சொல்லணும். நான் மைக் ஆன் பண்ணி ஒரே ஒரு தகவல் சொன்னேன்.

பொண்ணு குரல் கேட்டதும் ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒண்ணு, இன்ஸ்டா ஐடி கேட்பாங்க. இல்ல, கிச்சனுக்குப் போகச் சொல்லி ஆரம்பிச்சு கீழ கீழ இறங்குவாங்க. மும்பை சர்வர்ல பெரும்பாலும் இந்தி. எனக்குப் பாதி புரியாது, அது ஒரு வசதி. அன்னைக்கு வந்தது தமிழ். நம்ம பஸ் ஸ்டாண்டுல கேட்கிற அதே தமிழ். ஒவ்வொரு வார்த்தையும் முழுசாப் புரிஞ்சுது. நான் வழக்கம்போல அந்த ஆளை மியூட் பண்ணிட்டு விளையாடினேன். மியூட் பண்ணினா அவன் சொல்ற தகவலும் கேட்காது, பாதி குருடா ஆடுற மாதிரிதான். தோத்தோம்.

பெண்களுக்குன்னு தனியா 'கேம் சேஞ்சர்ஸ்'னு ஒரு போட்டித் தொடர் 2021-ல இருந்து நடக்குது. 2022-ல பெர்லின்ல நடந்த முதல் உலகப் போட்டியில ஜி2 கோசன்னு ஒரு டீம் ஜெயிச்சாங்க. "மவுஸ் பிடிக்கிறதுக்கு எதுக்கு லேடீஸ் கோட்டா?"ன்னு நம்ம கிளாஸ்லயே கேட்டவங்க உண்டு. பொண்ணு குரலோட பத்து மேட்ச் ஆடிப் பார்த்துட்டு வந்து கேளுங்கப்பா.

மேட்ச் முடியுற வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசல. அப்புறம் சொன்னான்: "இனிமே இதை விளையாடாத."

"ஏன்?"

"இதெல்லாம் காதுல வாங்கிட்டு எதுக்குடி விளையாடணும்?"

"பஸ்ல ஒருத்தன் தப்பா நடந்துக்கிட்டா என்னைக் காலேஜுக்கு வராதன்னு சொல்வியா?"

"அது வேற."

"எப்படி வேற?"

அவன்கிட்ட பதில் இல்ல. ஆனா பேச்சை விடவும் இல்ல. என்மேல இருக்கிற அக்கறைலதான் சொன்னான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்த அக்கறையோட முடிவு என்ன? அசிங்கமா பேசினவன் அடுத்த மேட்ச்ல ஜாலியா இருப்பான், நான் கேமை அன்இன்ஸ்டால் பண்ணணும். ராத்திரி வெளிய போகாத, அந்த டிரெஸ் போடாத, போட்டோ போடாத. அக்கறைன்னு சொல்லி வர்ற எல்லாத்துலயும் ஏதோ ஒண்ணை நிறுத்த வேண்டியது நானாவே இருக்கேன். இதை அப்படியே அவன்கிட்ட சொன்னேன். கால் கட் ஆச்சு. யார் கட் பண்ணினதுன்னு இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் ஒத்துக்கல.

ரெண்டு நாள் பேசல. அது மாடல் எக்ஸாம் வாரம். கேன்டீன்ல எதிர் எதிர் டேபிள்ல உட்கார்ந்து ரெண்டு பேரும் புக்கையே பார்த்துட்டு இருந்தோம். இது இப்படியே முடிஞ்சாலும் நான் கேமை விடப்போறதில்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. கேம் அவனைவிடப் பெருசுன்னு இல்ல. இன்னைக்கு இதை விட்டா அடுத்து எதை விடச் சொல்லுவாங்கங்கிற பயம்.

மூணாவது நாள் ராத்திரி அவன்கிட்ட இருந்து மெசேஜ். "அவனை ரிப்போர்ட் பண்ணினியா?" பண்ணினேன்னேன். "என்ன ஆச்சு?" கேம் உள்ள, நடவடிக்கை எடுத்திருக்கோம்னு ஒரு தகவல் வந்திருந்துச்சு, அதை அனுப்பினேன். ரொம்ப நேரம் டைப்பிங்... டைப்பிங்... அப்புறம் வந்தது, "நானும் கத்துக்கிறேன். கூட ஆள் இருந்தா எவனும் பேச மாட்டான்."

பாடிகார்டு வேலைன்னா வராத, சேர்ந்து விளையாட ஆசைன்னா வான்னு பதில் போட்டேன். "சேர்ந்து விளையாடத்தான்"னான். வந்தான். என்ன சொல்றது, விக்கெட் கீப்பருக்கு மவுஸ் வரல. ரெண்டு வாரத்துல அவன் சுட்டதுல அதிகம் சுவர்தான்.

அதனால் வேற கேம் தேடினேன். கிடைச்சது 'இட் டேக்ஸ் டூ'. 2021-ல வந்து அந்த வருஷம் கேம் அவார்ட்ஸ்ல வருஷத்தோட சிறந்த கேம் விருது வாங்கினது. இதைத் தனியா விளையாடவே முடியாது, ரெண்டு பேர் இருந்தே ஆகணும். ஒருத்தர் வாங்கினா போதும், இன்னொருத்தர் ஃப்ரெண்ட்ஸ் பாஸ் வச்சு இலவசமா சேர்ந்துக்கலாம். இன்ஜினியரிங் காதலுக்குன்னே யாரோ யோசிச்ச மாதிரி. கதை: மே, கோடின்னு ஒரு புருஷன் பொண்டாட்டி, டிவோர்ஸ் பண்ற முடிவுல இருக்காங்க. மகளோட கண்ணீர் பட்டு ரெண்டு பேரும் பொம்மையா மாறிடறாங்க. "டேட்டுக்கு டிவோர்ஸ் கதைதான் கிடைச்சுதா உனக்கு?"ன்னு கேட்டான்.

பொண்ணுங்க ஹாஸ்டல் வாசலைச் சாயங்காலமே மூடிடுவாங்க. பசங்களுக்கு ராத்திரி ஒன்பதரை. இதுக்கு என்ன காரணம்னு யாரும் இதுவரைக்கும் எனக்கு விளக்கினதில்ல. ஆக எங்க டேட்டிங்னா கேன்டீன் டேபிள், பஸ் ஸ்டாப், அதுவும் ஸ்டாஃப் யாராவது வர்றாங்களான்னு பார்த்துக்கிட்டே. இப்போ வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு மர ஷெட்டுக்குள்ள சந்திக்கிறோம். அவன் கையில ஆணி, என் கையில சுத்தியல். அவன் ஆணியைச் சுவத்துல எறிஞ்சாத்தான் நான் அதைப் பிடிச்சுத் தொங்கி அந்தப் பக்கம் போக முடியும். அவன் லேப்டாப்ல தனி கிராபிக்ஸ் கார்டு இல்ல, எல்லாத்தையும் லோ-ல வச்சும் திக்கித் திக்கி ஓடும். நான் தாவிட்டு இருக்கும்போது "இருடி, ஹேங் ஆகுது"ம்பான். விழுந்துடுவேன். மறுபடி எறிவான். ஒரு வேக்யூம் கிளீனர் கூட சண்டை போட்டு ஜெயிச்ச அன்னைக்கு அவன் போட்ட சத்தத்துல பக்கத்து ரூம்ல இருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தானாம்.

வேலரன்டும் தொடருது. இப்பவும் தெரியாதவங்களோட ஆடும்போது மைக் ஆன் பண்றதா வேண்டாமான்னு ஒவ்வொரு மேட்ச்சுக்கும் யோசிக்கிறேன். சில நாள் ஆன் பண்றேன். அடுத்த நாள் காலைல, "நேத்து யாராவது ஏதாவது பேசினாங்களா?"ன்னு கேட்பான். விளையாடாதன்னு அதுக்கப்புறம் சொன்னதில்ல. சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்து நிக்கிறது மட்டும் சில சமயம் எனக்குத் தெரியும்.

எனக்கு பிப்ரவரில கேட் எக்ஸாம். 3 மணி நேரம், 65 கேள்வி. அவனுக்கு புனேல வேலை, ஜூலைல ஜாயினிங். நான் எந்த ஊருக்குப் போவேன்னு இப்போ தெரியாது. இதைப் பத்தி இன்னும் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசல. முதல் சம்பளத்துல கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வாங்குவேன்னு மட்டும் சொல்லியிருக்கான்.

'இட் டேக்ஸ் டூ'ல மொத்தம் ஏழு சாப்டர். நாலு முடிஞ்சுது. மே, கோடி சேருவாங்களா இல்லையான்னு இணையத்துல தேடிப் பார்க்கக்கூடாதுன்னு ஒப்பந்தம். எக்ஸாம் முடியுற வரைக்கும் வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும். அஞ்சாவது, பனி உருண்டைக்குள்ள நடக்கிற சாப்டர். அவன் டவுன்லோட் பண்ணின அப்டேட் சரியா ஓடினா இந்த வாரம் ஆரம்பிக்கலாம்.