முள்ளின் சாட்சி

மாங்குளம் கழிந்து முறிகண்டியை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, மாமாவின் வானில் முன்னாசனத்தில் இருந்த எனக்கு றப்பர் கருகும் மணம் மெல்ல எட்டியது. கால்களின் கீழே வழமைக்கு மீறிய சூடும் இருந்தது. "மாமா, ஏதோ மணக்குது" என்றேன். அவர் எதிரேயிருந்த வெப்பமானியைக் கண்ணாற் சுட்டினார். "முள்ளைப் பார், நடுவுக்கும் கீழைதானே நிக்குது. வெளியிலை ஆரோ குப்பை கொளுத்துறாங்கள்." முள் உண்மையாகவே நடுவுக்குச் சற்றுக் கீழேதான் நின்றது. நான் அதன்மேல் ஒன்றும் பேசவில்லை. இன்னும் மூன்று நான்கு கிலோமீற்றர் கழிந்ததும் இயந்திரம் ஒரு முறை முனகிவிட்டு நின்றுபோயிற்று. அது 2019ஆம் ஆண்டு, ஆவணி மாதத்து நண்பகல். அந்த வான் லீசிங்கில் எடுக்கப்பட்டது. இயந்திரத்தின் தலைப்பகுதி வெப்பத்தால் வளைந்துவிட்டமையால் ஏறத்தாழ ஒரு மாதம் மாமாவுக்குத் தொழில் இல்லை. மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

கராச்சிலே முதிய மெக்கானிக் ஒருவர் காரணத்தை விளக்கினார். தண்ணீர்க் குழாய் வெடித்து றேடியேற்றர் நீர் முழுவதும் ஒழுகிவிட்டது. வெப்பத்தை உணரும் சிறு குமிழ் நீரிலே தோய்ந்திருக்கும்வரைதான் சரியான சேதியைச் சொல்லும். நீர் வற்றியதும் அது வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்க, இரும்பு கொதிக்கக் கொதிக்க முள் கீழே இறங்கியிருக்கிறது. "அது தண்ணியின்ரை சூட்டைத்தான் சொல்லும் தம்பி, எஞ்சினின்ரை சூட்டை இல்லை" என்றார் அவர். மெய்யியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எனக்கு, அறிவாராய்ச்சி பற்றி அதுவரை கேட்ட விரிவுரைகள் எவற்றினும் அந்த ஒரு வாக்கியம் ஆழமாகத் தைத்தது.

கலைப்பீட மாணவன் ஒருவன் விமான இயந்திரங்களின் அளவுமானிகளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் அன்று எழுந்த கேள்வி என்னை அவற்றிடமே கொண்டுசென்றது. வான் ஓட்டுபவனுக்கு மூக்கு உண்டு. ஐயமெழுந்தால் வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்து பார்க்கலாம். பெரும் பயணிகள் விமானத்தின் ஓட்டிக்கு அவ்வசதி இல்லை. இயந்திரங்கள் அவருக்குப் பின்னே பல மீற்றர் தொலைவில் சிறகுகளிலே பொருத்தப்பட்டுள்ளன. அவற்றின் உள்நிலையை அவர் அறியும் வழி எதிரேயுள்ள வட்ட முகங்களும் முட்களுமே. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த பழைய முறையை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். இன்று அவற்றின் இடத்தைத் திரைகள் பிடித்துவிட்டன எனினும் அடிப்படை பெரிதும் மாறவில்லை.

எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் கருவியின் உள்ளே பல இடங்களில் இருப்பது, 1849இல் பிரெஞ்சுக்காரரான யூஜீன் போர்டொன் உரிமம் பெற்ற வளைகுழாய். தட்டையாக்கி வளைத்த அக்குழாயின் ஒரு முனை மூடப்பட்டிருக்கும். உள்ளே அமுக்கம் ஏற ஏற அது நிமிரப் பார்க்கும். திருவிழாக் கடைகளில் விற்கும் ஊதுசுருளை ஊதியவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. அந்தச் சிறு நிமிர்வைப் பற்சில்லுகள் பெருக்கி முள்ளைச் சுழற்றுகின்றன. வெளியேறும் வாயுவின் வெப்பத்தை அளக்கும் முறை இன்னும் அழகியது. குரோமெல், அலுமெல் என்னும் இரு வேறு உலோகக் கலவைகளாலான கம்பிகளை ஒரு முனையில் இணைத்துச் சூடாக்கினால் மறுமுனைகளுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். 1821இல் சீபெக் கண்ட விளைவு இது. ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 41 மைக்குரோவோல்ற்று, அஃதாவது ஒரு வோல்ற்றை இருபத்தையாயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒன்று! இத்தகைய இணைகள் பலவற்றை வாயு செல்லும் வழியைச் சுற்றி வளையமாக நிறுத்தி, அவற்றின் சராசரியை விமானிக்குக் காட்டுவர். ஓரிடத்தில் மட்டும் வெப்பம் மிகுந்திருந்தால் சராசரி அதனை ஓரளவு மறைத்துவிடும் என்பது என் மனதில் தங்கிப்போன சிறு செய்தி. சுழற்சி வேகத்தை அளக்க இயந்திரத்தோடு ஒரு சிறு மின்பிறப்பாக்கி சுழலும். வேகம் நூற்று வீதத்திலே காட்டப்படும்.

இவற்றுள் எதுவும் விமானிக்கு மிக வேண்டியதான உந்துவிசையை நேராகச் சொல்வதில்லை. பறக்கும் இயந்திரத்தைத் தராசிலே கட்டி இழுவையை நிறுக்க முடியாதல்லவா? எனவே சில இயந்திரங்களில் ஒரு விகிதத்தைக் கொண்டு விசையை அறிவர். சுழலியைக் கடந்து வெளியேறும் வாயுவின் அமுக்கத்தை, இயந்திரத்தின் வாயிலில் நுழையும் காற்றின் அமுக்கத்தால் வகுப்பர். இதுவே இயந்திர அமுக்க விகிதம். வாயிலின் நடுவே நிற்கும் நுண்ணிய குழாயொன்று முன்னமுக்கத்தை உணர்கிறது. அக்குழாயின் வாய் அடைபட்டால் என்னாகும்?

1982 ஜனவரி 13ஆந் திகதி வாஷிங்டன் நகரிலே கடும் பனி பெய்தது. எயார் புளோரிடா நிறுவனத்தின் 90ஆம் இலக்கப் பறப்பான போயிங் 737 விமானம், பனிக்கட்டி நீக்கப்பட்டபின்னும் மேலெழ முறை வரும்வரை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பனியிலே காத்திருந்தது. இயந்திர வாயிலைச் சூடாக்கிப் பனி படியாது காக்கும் அமைப்பு இயக்கப்படவில்லை. முன்குழாய்களின் வாயைப் பனிக்கட்டி அடைத்தது. அடைபட்ட குழாய் உள்ளிருந்த குறைந்த அமுக்கத்தையே உணர்ந்தது. வகுக்கும் எண் சிறிதானால் ஈவு பெரிதாகும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. விமானிகள் விசைக் கோல்களை முன் தள்ளியபோது முட்கள் வேண்டிய 2.04இல் வந்து நின்றன. உண்மையான விகிதமோ 1.70 அளவே என விசாரணை பின்னர் கண்டது.

விமானம் ஓடுபாதையிலே மந்தமாக ஓடிற்று. விமானியறையின் ஒலிப்பதிவு கிடைத்திருக்கிறது. விமானத்தைச் செலுத்திக்கொண்டிருந்த துணை விமானி, இது சரியாகத் தோன்றவில்லையே என்றார். சரிதான் என்று கூறிய தலைமை விமானி வேகம் எண்பதை எட்டிவிட்டதை அறிவித்தார். துணை விமானி மீண்டும் மறுத்தார். சில கணங்களின் பின், ஒருவேளை சரியாயிருக்கலாம் எனத் தளர்ந்தார். அடுத்து, தமக்குத் தெரியவில்லை என்றார். அவர் எதனைக் கண்டு ஐயுற்றார் என்பது அப்பதிவில் இல்லை. மேலெழுந்த விமானம் உயர முடியாது பாலமொன்றிலே சென்ற வாகனங்களை மோதிக்கொண்டு, உறைந்து கிடந்த பொட்டோமக் ஆற்றில் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 79 பேரில் ஐவரே தப்பினர். பாலத்தில் நால்வர் மாண்டனர். இயந்திரங்களில் கோளாறேதும் இல்லை. இன்னும் தரக்கூடிய விசை அவற்றில் மிஞ்சியிருந்தது. கோல்களை மேலும் முன் தள்ள வேண்டியிருந்தது; அவ்வளவே.

இவ்விடத்தில் நான் நெடுநேரம் தயங்கி நின்றதுண்டு. இரண்டு இயந்திரங்களுக்கும் இரண்டு முட்கள். இரண்டும் ஒரே எண்ணையே காட்டின. இரு சாட்சிகள் ஒத்துரைத்தால் நம்புவது மனித இயல்பு. ஆனால் இருவரையும் ஏமாற்றியது ஒரே பனி. தீபவம்சமும் மகாவம்சமும் ஒரு செய்தியில் உடன்படுகின்றன என்று மகிழும் வரலாற்று மாணவனுக்கு, இரண்டும் பழைய சிங்கள அட்டகதை மரபிலிருந்தே எடுத்தன என்று விரிவுரையாளர் நினைவூட்டுவதில்லையா? அதே நேரத்தில், வேறு வழியால் அறியும் கருவிகள் சற்றுத் தள்ளியே இருந்தன. சுழற்சி வேகம், வாயு வெப்பம், எரிபொருட் பாய்ச்சல் ஆகிய மூன்றும் இருக்கவேண்டிய அளவினும் குறைந்தே நின்றன. அவை பனியைச் சார்ந்தவையல்ல. அவற்றைக் கேட்பாரில்லை.

தமிழிலே அளத்தற் கருவிக்கும் அறிவுக்கருவிக்கும் ஒரே சொல் வழங்குவது தற்செயலாயினும் பொருத்தமானது. காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைச் சைவசித்தாந்திகள் சிறப்பாகக் கொள்வர். காஞ்சியிலே மணிமேகலைக்குத் தருக்கம் உணர்த்தும் அறவண அடிகள் முதலிரண்டே போதும் என்பார். முள்ளைப் பார்ப்பவன் தான் காண்பதாகவே நினைக்கிறான். உண்மையில் அவன் காண்பது முள்ளை மட்டுமே; இயந்திரத்தின் நிலையை அவன் கருதிக்கொள்கிறான். மலைமேற் புகை கண்டு தீயைத் துணிவது போன்றதே இதுவும். மணிமேகலையின் 29ஆம் காதை பட்டியலிடும் ஏதுப்போலிகளுள் ஒன்று, எதிரே தெரிவது ஆவியோ பனியோ என்று தெளியாதிருக்கையிலேயே அதனைப் புகையெனக் கொண்டு நெருப்பு உண்டெனத் துணிதல். நூலகத்தில் அவ்விடத்தை வாசித்தபோது, வாஷிங்டனின் பனியும் எங்கள் றேடியேற்றரின் ஆவியும் ஒருங்கே நினைவில் எழ, சிறிது நேரம் நூலை மூடி வைத்துவிட்டேன்.

உரை என்னும் அளவை எஞ்சியிருக்கிறது. தலைமை விமானியை மட்டும் குறைகூறுவது எளிது. எனக்கோ துணை விமானியே மீண்டும் மீண்டும் நினைவுக்கு வருகிறார். நான் ஒரே முறை சொல்லி ஓய்ந்தேன். அவராவது திரும்பத் திரும்பச் சொன்னார். என் மூக்கு எனக்குச் சொன்னதை விட மாமாவின் இருபது வருட அனுபவமும் அந்த முள்ளும் பெரியனவாகத் தோன்றின. மரியாதை என்று அதற்குப் பெயரிட்டுக்கொண்டேன். அது மரியாதைதானா, அல்லது பிழைத்துப்போனால் நகைப்பார்களே என்ற கூச்சமா என்பதை இன்றும் என்னால் வகுத்துச் சொல்ல முடியவில்லை.

மாமா அந்த வானையே இன்றும் ஓட்டுகிறார். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தும்போது, பிரயாணிகள் கச்சான் வாங்கும் இடைவெளியில் ஆசனத்தைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொள்வார். விடுமுறையில் நான் உடன் சென்றால், மாங்குளம் கழிந்ததும் முள்ளை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பார்: "என்ன, ஏதும் மணக்குதோ?"